‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்று சொல்வதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

தம்பதியர் ஆலோசனைக்கென்று தனி அறை எடுத்துப் பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டாயாம். சந்தோஷம். இனி வருகிறவர்களில் பலர், “எங்களுக்குள்ள பேச்சே சரியில்ல சார்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீயும் உடனே மனம்விட்டுப் பேசும் பயிற்சியில் இறங்கத் துடிப்பாய். கொஞ்சம் பொறு. முதலில் ஓர் ஆய்வைச் சொல்கிறேன்.

நியூயார்க் மாநிலத்தில் வக்கீலாக வேண்டுமென்றால் பார் தேர்வில் தேற வேண்டும். ஒருவர் அதற்குப் படித்தால் வீடே பரீட்சை எழுதுகிற மாதிரிதான். அப்படி 68 ஜோடிகளைப் பிடித்து, தேர்வு நெருங்கும் வாரங்களில் தினமும் குறிப்பெழுதச் சொன்னார்கள் நியால் போல்கர், ஆடம் சக்கர்மன், ரொனால்ட் கெஸ்லர் ஆகிய மூவர். முடிவு 2000-இல் வெளியானது. படிப்பவர் தனியாக எழுதுவார்: இன்று துணையிடமிருந்து ஆறுதல் கிடைத்ததா? துணை தனியாக எழுதுவார்: இன்று ஆறுதல் கொடுத்தேனா? கூடவே அன்றைய மனநிலை.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விசித்திரம். ‘கிடைத்தது’ என்று படிப்பவர் எழுதியபோது அவருடைய மனச்சோர்வு கூடியிருந்தது. துணை ‘கொடுத்தேன்’ என்று எழுதி, படிப்பவர் ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று எழுதியபோதோ சோர்வு குறைந்திருந்தது. உதவி கண்ணில் பட்டுவிட்டால், ‘நான் தடுமாறுகிறேன், அது இவருக்கும் தெரிந்துவிட்டது’ என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. கடன்பட்ட உணர்வும் சேர்ந்துகொள்கிறது.

மோசமான நாளில்தானே உதவியும் அதிகம் வரும், அதனால் அப்படித் தெரிகிறதோ என்று நீ கேட்பாய். நியாயமான சந்தேகம். அதற்காகவே போல்கரும் டேவிட் அமரலும் பரிசோதனைக் கூடத்தில் செய்து பார்த்து 2007-இல் எழுதினார்கள். மேடையில் பேசப்போகும் பதற்றத்தில் ஒரு மாணவி. பக்கத்தில் இன்னொரு பெண். அவள் ஆய்வாளர்களின் ஆள். ஒரு முறை அவள் மாணவியிடமே திரும்பி யோசனை சொல்கிறாள். இன்னொரு முறை அதே யோசனையை ஆய்வாளரிடம், தன் காரியமாகப் பேசுவதுபோல, மாணவியின் காதில் விழச் சொல்கிறாள். யோசனை ஒன்றுதான். நேராகச் சொன்னது பயன்படவில்லை, பதற்றம் கூடவும் செய்தது. காதில் விழவிட்டது உதவியது.

ஆகவே, “இவர் எனக்காக ஒன்றுமே செய்யறதில்ல” என்று அவளும், “எல்லாம் செய்யறேன்” என்று அவனும் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டாதே. நேற்றைய நாளை மணிவாரியாகச் சொல்லச் சொல். காலையில் தண்ணீர் பிடித்தது யார், குழந்தைக்கு இரவில் மருந்து கொடுத்தது யார், யார் யாரைத் தூங்கவிட்டார்கள். பெருமையடிக்காமல் செய்த உதவி அப்போதுதான் வெளியே வரும். அதை அந்த இடத்திலேயே போட்டு உடைக்காதே. பல நேரம் உனக்குத் தெரிந்தால் போதும்.

இதையே வேதமாக்கிக்கொள்ளவும் வேண்டாம். நடால்யா மைசலும் ஷெல்லி கேபிளும் 2009-இல் காட்டியது: தன் தேவையைப் புரிந்துகொண்டு செய்ததாக ஒருவர் உணர்ந்தால், கண்ணில் பட்ட உதவியும் கெடுதல் செய்வதில்லை. ரொம்பவும் உடைந்துபோய் வருபவருக்கு வெளிப்படையான ஆறுதல்தான் வேண்டும். மறைமுகம் அங்கே எடுபடாது.

கேபிளின் இன்னொரு வேலை எனக்கு இதைவிடப் பிடிக்கும். கஷ்டத்தில் துணை நிற்பதைத்தான் எல்லோரும் அளந்தார்கள். நல்ல சேதி சொல்லும்போது துணை எப்படிக் கேட்கிறார் என்று இவர் பார்த்தார். 2006-இல் வந்த ஆய்வில், உறவின் நலத்தோடு அதிகம் ஒட்டிப்போனது அந்த இரண்டாவதுதான். “புரமோஷன் கிடைச்சுது” என்றால் “அப்ப இன்னும் லேட்டாத்தான் வருவீங்க” என்று பதில் வருகிற வீடுகளை நீயும் நானும் பார்த்திருக்கிறோம். சண்டையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்காமல், கடைசியாக வந்த நல்ல சேதியை வீட்டில் எப்படிச் சொன்னார்கள் என்று கேள்.

பேச்சைத் திருத்தினால் உறவு திருந்தும் என்பதும் முழுக்க நிலைநாட்டப்பட்டதல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் வருமானம் குறைந்த பகுதிகளில் புதுமணத் தம்பதியரைத் தொடர்ந்து படம்பிடித்து ஆராய்ந்த லாவ்னர், கார்னி, பிராட்பரி ஆகியோர் 2016-இல் எழுதினார்கள்: திருப்தி உள்ளவர்கள் நன்றாகப் பேசுகிறார்கள் என்பது உறுதி, நன்றாகப் பேசுவதால் பின்னாளில் திருப்தி வருகிறது என்பது அவ்வளவு உறுதியாகக் கிடைக்கவில்லை. சம்பளமும் வாடகையும் நெருக்கும்போது வாக்கியத்தைத் திருத்தி என்ன பயன்?

தம்பதியரை ஆராய்ந்த காட்மனின் ‘தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் விவாகரத்தைக் கணிக்கலாம்’ கதையை விளம்பரத்தில் போடாதே. முடிவு தெரிந்த ஜோடிகளை வைத்துச் செய்த சூத்திரம் புது ஜோடிகளிடம் அதே துல்லியத்தோடு நிற்பதில்லை என்று ஹேமனும் ஸ்லெப்பும் 2001-லேயே எச்சரித்துவிட்டார்கள். ‘ஆசியர்கள் வாய்விட்டு உதவி கேட்பதில்லை’ என்ற அமெரிக்க ஆய்வுகளையும் அப்படியே நம்மவர் மேல் ஒட்டாதே. அங்கே ஆசியர் என்றால் பெரும்பாலும் கிழக்காசிய வம்சாவளியினர்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் வீட்டில் மனம்விட்டுப் பேசும் பயிற்சியே கூடாது. உன் அறையில் சொன்னதற்கு வீட்டில் அடி விழும். முதல் சந்திப்பிலேயே இருவரையும் தனித்தனியாகப் பார். “வீட்டுல பயமா இருக்கா?” என்று நேராகக் கேள். ஆமென்றால் ஜோடியாக உட்காரவைப்பதை அன்றே நிறுத்து. 181 மகளிர் உதவி எண்ணை, அவர் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியும் என்று உறுதியான பிறகு, கையில் கொடு.

அன்புடன்,
அக்கா