கர்ப்ப காலத்தில் நீர்க்கடுப்பும் மீந்துபோன மாத்திரையும்

கர்ப்பிணிக்கு நீர்க்கடுப்பு கண்டால் 'உடற்சூடு' என்று கருதி இளநீர் கொடுப்பது நம் பகுதி வீடுகளில் வழக்கம். இளநீரால் கேடில்லை. வேறொருவருக்கு வாங்கி மீந்துபோன மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பதுதான் அஞ்சத்தக்கது. அதற்கொரு வரலாறு உண்டு.

டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின், 1948இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. அங்கு ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்துக் குடும்பம் அது. ஆதலால் சிறுநீரகத்தில் கிருமித்தொற்று கண்ட கர்ப்பிணிகளுக்கும் டெட்ராசைக்ளின் தயக்கமின்றித் தரப்பட்டது.

1963இல் அமெரிக்க மருத்துவர்கள் துயரமான செய்தியொன்றை வெளியிட்டனர். நரம்பு வழியாக மிகுந்த அளவில் இம்மருந்தைப் பெற்ற கர்ப்பிணிகள் சிலர், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிரிழந்திருந்தனர். டெட்ராசைக்ளின் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. அச்சிறுநீரகமே நோயுற்றிருந்தால் மருந்து இரத்தத்தில் தேங்கும். கல்லீரல் அதைத் தாங்காது. கர்ப்ப காலத்தில் அரிதாகத் தானே தோன்றும் கல்லீரல் நோயொன்றும் ஏறத்தாழ இதே தோற்றமுடையது என்பதால், மருந்தின்மீது ஐயம் கொள்வதும் எளிதன்று.

சிசுவுக்கும் தீங்குண்டு. இம்மருந்து சுண்ணாம்புச் சத்துடன் பிணைந்து, வளரும் எலும்பிலும் பல்லிலும் படியும். பால்பற்கள் கருவிலேயே, ஏறத்தாழ நான்காம் மாதத்திலிருந்து கெட்டிப்படத் தொடங்குகின்றன. அவ்வாறு படிந்த மஞ்சள் கறை, பல் துலக்குவதால் நீங்காது. இக்குடும்பத்தைச் சேர்ந்த டாக்சிசைக்ளின் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியிலும் இருக்கக்கூடும்.

இதைப் படித்து, எந்த மருந்தும் வேண்டாமென்று முடிவெடுத்துவிடாதீர்கள். தொற்றைக் கவனியாமல் விடுவது தாய்க்கு ஆபத்து, குறைப்பிரசவத்திற்கும் வழிவகுக்கும். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகளில் கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகத் தரப்படும் மருந்துகள் உள்ளன. முன்பு ஏதேனும் மருந்தால் தடிப்போ மூச்சுத்திணறலோ ஏற்பட்டிருந்தால் மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புறத்தில் வலி, வாந்தி ஆகியவை கண்டால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

கருவுற்றதை அறியாமல் டாக்சிசைக்ளின் உட்கொண்டுவிட்ட பெண்கள் கலங்க வேண்டாம். அது மட்டுமே கருவைக் கலைப்பதற்குக் காரணமாகாது. மாத்திரை அட்டையை எடுத்துவந்து, எந்நாளில் எத்தனை உட்கொண்டீர்கள் என்பதை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.