விரால் தூண்டிலுக்கு எந்த ரீல் உழைக்கும்?

தேனி மாவட்டம் தேவாரம் வட்டாரத்தில், மலையடிவாரத்தில் நல்ல மழை பெய்து, 18-ஆம் கால்வாயிலும் தண்ணீர் வந்து கண்மாய்கள் பெருகும் ஆண்டுகளில், மீன் பாசி குத்தகை எடுத்தவர்களுக்கும் பண்ணைக்குட்டை வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் வரும் முதல் கவலை விரால் மீனைப் பற்றியதாகும். சந்தையில் விரால் நல்ல விலைக்குப் போகும் மீன்தான். ஆனால் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் விடவிருக்கும் நீர்நிலையில் அது இருந்தால், வாங்கிவிட்ட குஞ்சுகளில் பெரும்பகுதி அதன் வயிற்றுக்குள் போய்விடும். 10 செ.மீ. வளர்ந்த குஞ்சாகப் பார்த்து விட்டால் இழப்பு குறையுமே தவிர, முற்றிலும் நின்றுவிடாது.

விராலை வலையால் மட்டும் ஒழிப்பது கடினம். இழுவலை வரும்போது அது சேற்றில் பதுங்கிக்கொள்ளும் அல்லது வலைக்கு மேல் துள்ளிப் போய்விடும். வெளிக்காற்றைச் சுவாசிக்கக் கூடிய மீன் ஆதலால், தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றில் பல நாள் உயிர் பிழைத்திருக்கும். சிறு குட்டைகளில் இலுப்பைப் புண்ணாக்கு இட்டு ஒழிக்கலாம். ஒரு எக்டர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் இருந்தால் 2,500 கிலோ புண்ணாக்கு தேவைப்படும். கண்மாய்க்கு இது கட்டுபடியாகாது. ஆடு மாடுகள் தண்ணீர் குடிக்கும் இடத்தில் ஊராரும் ஒப்பமாட்டார்கள்.

எனவே, குஞ்சு விடுவதற்கு முன்பு சில வாரங்கள் தூண்டில் போட்டு விராலைக் குறைப்பது நடைமுறைக்கு ஏற்ற துணை முறையாகும். இதனால் விரால் அடியோடு ஒழிந்துவிடாது. ஆயினும் பெரிய மீன்கள் வெளியேறும். பிடித்த மீனை விற்றும் காசாக்கலாம். உயிர்த் தவளைக்குப் பதிலாக இப்போது ரப்பரால் ஆன பொய்த் தவளையைப் பலரும் பயன்படுத்துகின்றனர். உள்ளே கூடாக இருக்கும் இந்தத் தவளையின் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டிப் படிந்திருப்பதால், தாமரை இலை மீதும் வேலம்பாசி மீதும் சிக்காமல் நழுவி வரும். விரால் கவ்வும்போது ரப்பர் அமுங்கி முள் வெளிப்படும்.

தவளையின் விலை அதிகமில்லை. பணம் போவது ரீலில்தான். வாங்கிய ஒரே பருவத்தில் ரீல் கரகரக்கத் தொடங்கி, கைப்பிடி ஆடி, கடைசியில் பல்சக்கரம் தேய்ந்து நழுவுகிறது என்பது பரவலான புகார். பெரிய மீன் இழுத்து ரீல் கெட்டது என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையன்று. ரீலைக் கெடுப்பது மீனைவிட வேலைப் பளுவே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 150 முறை வீசுகிறார். ஒவ்வொரு வீச்சும் 30 மீட்டர். அவர் திரும்பச் சுற்றும் நூலின் நீளம் 4,500 மீட்டர், அதாவது நாலரைக் கிலோமீட்டர். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 63 செ.மீ. நூல் ஏறுமானால், ஒரு நாளில் ஏறத்தாழ 7,100 சுற்று. நூறு நாளில் ஏழு லட்சத்தைத் தாண்டிவிடும். இந்த நூறு நாளில் பெரிய விரால் இழுக்கும் நேரத்தையெல்லாம் சேர்த்தாலும் சில மணி நேரம்தான் இருக்கும். மீதி உழைப்பு முழுவதும் தவளையையும் பாசியையும் இழுத்து வந்த உழைப்பு.

இதே சிக்கலைப் பெரிய அளவில் சந்தித்தவர்கள் வட அமெரிக்காவில் இருக்கின்றனர். அங்குள்ள பெரிய ஏரிகளிலும் ஆறுகளிலும் மஸ்கி என்றொரு கொன்று தின்னும் மீன் உண்டு. பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று அதைப் பற்றி ஒரு பேச்சு வழக்கு இருக்கிறது. நூறு கிராம் முதல் முந்நூறு கிராமுக்கு மேலும் எடையுள்ள பொய்யிரைகளை நாள் முழுவதும் வீசி இழுக்கின்றனர். நம் பொய்த் தவளையின் எடை பெரும்பாலும் 10 முதல் 20 கிராம்தான். ஆனால் அதோடு இரண்டு மூன்று கிலோ பாசி சேர்ந்து வரும்போது, நம் ரீல் படும் பாடு மஸ்கி ரீல் படும் பாட்டுக்குக் குறைந்ததன்று. ஆகவே அவர்கள் ரீலில் எதைப் பார்த்து வாங்குகிறார்களோ, அதையே தேவாரத்துக் கண்மாய்க்கும் பார்க்கலாம்.

இருவகை ரீல்கள்

கடைகளில் கிடைப்பவை இரண்டு வகை. ஸ்பின்னிங் ரீலில் நூல் உருளை அசையாமல் நிற்க, அதைச் சுற்றி ஒரு கம்பி வளையம் ஓடி நூலைச் சுற்றும். பழகுவது எளிது. ஆனால் இதில் நூல் செங்கோணமாகத் திரும்பி உருளையில் ஏறுகிறது. உள்ளே பல்சக்கரமும் சுழற்சியின் திசையை மாற்றிக் கொடுக்க வேண்டும். தொடர்ந்து பளு வரும்போது இந்தத் திருப்பங்களில்தான் தேய்மானம் ஏற்படுகிறது. அடுத்தது, உருளையே சுழலும் வகை. கிணற்று ராட்டினம் போல நூல் நேராக வந்து உருளையில் ஏறும். பல்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். ஒரே எடையுள்ள இரண்டு ரீல்களில் இதுவே பளு தாங்கும். மஸ்கி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் உருளை ரீலையே நாடுவதற்குக் காரணம் இதுதான்.

உருளை ரீலுக்கு ஒரு குறை உண்டு. வீசும்போது கட்டைவிரலால் உருளையை அணைத்துப் பிடிக்கத் தெரியாவிட்டால், உருளை நூலைவிட வேகமாக ஓடி, நூல் குருவிக்கூடு போல் சிக்கிக்கொள்ளும். வெட்டவெளியில் ஒரு வாரம் பழகினால் கை வந்துவிடும். இதற்கு அஞ்சி ஸ்பின்னிங் ரீலே போதும் என்று நினைப்பவர்கள், ஒரு அளவு பெரியதாகவே வாங்க வேண்டும்.

பல்சக்கரமும் வேகமும்

ரீல் பெட்டியின் மேல் 5:1, 7:1 என்று அச்சிட்டிருப்பார்கள். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் உருளை எத்தனை சுற்று சுற்றும் என்பதே இது. வேகம் கூடினால் நல்லது என்று பலரும் 7:1 வாங்கிவிடுகின்றனர். டிராக்டரில் சேற்றுழவுக்கு எந்தக் கியர் போடுவது என்று அறிந்த விவசாயிக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

நூல் நிறைந்த உருளையின் விட்டம் 4 செ.மீ., கைப்பிடியின் கை நீளம் 5 செ.மீ., இழுக்க வேண்டிய பாசியும் தவளையும் 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 5:1 ரீலில் கைக்கு வரும் பளு 6 கிலோ. 7:1 ரீலில் 8 கிலோவுக்கு மேல். உராய்வு வேறு. அதே 5:1 ரீலுக்கு 6 செ.மீ. கை போட்டால் 5 கிலோவாகக் குறைந்துவிடும். மறுபுறம், 5:1 ரீலில் சுற்றுக்கு 63 செ.மீ. நூல்தான் ஏறும், 7:1-ல் 88 செ.மீ. ஏறும். விரால் கவ்விய உடன் தளர்ந்த நூலை விரைந்து சுற்றுவதற்கு வேக ரீல் உதவும் என்பதால், அதையே விரும்புவோரும் உண்டு. திறந்த தண்ணீரில் அது சரி. பாசி மண்டிய கண்மாயில் 5-க்கும் 6-க்கும் இடைப்பட்ட விகிதமும், நீண்ட கைப்பிடியுமே ரீலுக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது.

விகிதத்தைவிட முக்கியமானது பல்சக்கரம் எதனால் ஆனது என்பதாகும். பித்தளைச் சக்கரம் கனமானது, நீடித்து உழைப்பது. எடை குறைய வேண்டும் என்பதற்காகச் சில ரீல்களில் அலுமினியச் சக்கரம் வைக்கின்றனர். மலிவான ஸ்பின்னிங் ரீல்களில் துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்த சக்கரமே இருக்கும். கையில் எடுத்தால் இறகு போல் இருக்கிறது என்பது விரால் ரீலுக்குச் சிறப்பன்று. சக்கரம் பெரியதாகவும் பற்கள் அகலமாகவும் இருப்பது நல்லது.

சக்கரம் நன்றாக இருந்தும் சட்டம் வளைந்தால் பயனில்லை. பளு வரும்போது பிளாஸ்டிக் உடல் சற்றே நெளியும். நெளிந்தால் பற்கள் சரியாகப் பொருந்தாமல் ஒரு ஓரத்தில் மட்டும் தேயும். ஒரே துண்டாகச் செய்த அலுமினியச் சட்டமே ஏற்றது. கம்பெனிக்காரர்கள் பெரிதாக விளம்பரப்படுத்துவது எத்தனை பேரிங் என்பதை. பத்து மட்டமான பேரிங்கைவிட, துருப்பிடிக்காத நல்ல பேரிங் நான்கு மேல். பம்ப் செட் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாததன்று.

உருளை ரீலைப் பெருக்கியவர்களில் முன்னோடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் இருந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி. புகழ்பெற்ற சுவீடன் நாட்டு ஆபு நிறுவனமும் 1921-ல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதே. பல் பொருத்தம் தெரிந்த கைகளிடமிருந்து வந்த பொருள் இது என்பதை நினைவில் வைத்தால், சக்கரத்தைப் பார்க்காமல் வண்ணத்தைப் பார்த்து வாங்க மனம் வராது.

டிராக், பின்தடை

மீன் வேகமாக இழுக்கும்போது நூல் அறாமல் உருளையை வழுக்கவிடும் அமைப்பை டிராக் என்கின்றனர். உள்ளே அடுக்கடுக்காக வட்டத் தகடுகள் இருக்கும். கம்பளித் தகட்டைவிடக் கார்பன் தகடு சூடு தாங்கும். டிராக் 10 கிலோ என்று பெட்டியில் போட்டிருந்தால் ரீலின் சட்டமும் அதைத் தாங்கும் என்று பொருளல்ல. பொதுவாக நூல் அறும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை டிராக்கை இறுக்குவது முறை. 12 கிலோ நூலுக்கு 3 முதல் 4 கிலோ. நூல் நுனியில் வில் தராசை மாட்டி இழுத்து இதை அறிந்துகொள்ளலாம். பாசிக்குள் விரால் புகுந்துவிடும் என்று டிராக்கை முழுவதும் இறுக்கிவிடும் வழக்கம் உண்டு. அவ்வாறு இறுக்குபவர், முள்ளை மாட்டக் கோலைச் சுண்டும் அதிர்ச்சி முழுவதும் பல்சக்கரத்துக்கும் பின்தடைக்கும் போகிறது என்பதை அறிந்தே இறுக்க வேண்டும்.

பின்தடை என்பது கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுப்பது. இப்போதைய ரீல்களில் இதற்கு ஒருவழிப் பேரிங் வைக்கின்றனர். அது எண்ணெய் பட்டால் நழுவும். அதோடு பழைய முறைப் பல்லும் நாக்கும் கூடுதல் தடையாக உள்ள ரீலே விராலுக்குப் பாதுகாப்பானது. விராலுக்குப் பின்னல் நூலே பெரும்பாலும் சுற்றப்படுகிறது. அதை வெறும் உருளையில் நேராகக் கட்டினால் மொத்தச் சுருளும் வழுக்கும். டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைக் கழற்றுபவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். அடியில் சில சுற்று நைலான் நரம்பு சுற்றி, அதன் மேல் பின்னல் நூலை இறுக்கமாகச் சுற்றினால் போதும்.

கடையில் வாங்கும்போது உருளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். அதிக ஆட்டம் இருக்கக் கூடாது. கோலில் மாட்டி, நூலை ஒருவர் மூன்று நான்கு கிலோ அளவுக்கு இழுக்க, மற்றவர் மெதுவாகச் சுற்ற வேண்டும். அப்போது சட்டம் நெளிவதும் பல் கரகரப்பதும் கைக்குத் தெரியும். உருளைக்கு முன்னால் இங்குமங்கும் ஓடி நூலைப் பரப்பும் பகுதியின் சிறு நாக்குதான் முதலில் தேய்வது. அந்த நாக்கும், டிராக் தகடும் உதிரியாகக் கிடைக்குமா என்று கேட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். உதிரி கிடைக்காத உயர்ந்த ரீலைவிட, கிடைக்கும் நடுத்தர ரீல் மேலானது.

வீசும் முறையிலும் கவனம் தேவை

நல்ல ரீலையும் ஒரே நாளில் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. தவளை தாமரைத் தண்டில் மாட்டிக்கொண்டால், கைப்பிடியைப் பலங்கொண்டு சுற்றி இழுப்பது. ரீல் கமலை அன்று. அப்போது கோலை நூலின் நேராக நீட்டி, நூலை ஒரு குச்சியில் நாலைந்து சுற்று சுற்றிப் பிடித்துப் பின்னால் நடக்க வேண்டும். வெறுங்கையில் சுற்றினால் பின்னல் நூல் சதையை அறுத்துவிடும். பாசியோடு வரும் மீனையும் கோலைத் தூக்கி இழுத்து, கோலைத் தாழ்த்தும்போது மட்டும் சுற்ற வேண்டும்.

வைகை அணை போன்ற பெருநீரில் கட்லா, ரோகு மீனுக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டையைக் கம்பிச் சுருளில் அப்பி எறிபவர்களுக்கும் மேற்சொன்னவை பொருந்தும். ஈயத்தோடு சேர்த்து உருண்டை நூறு கிராமைத் தாண்டிவிடும். வீச்சில் நூல் அறுந்தால் அது கவண்கல் போலப் பறக்கும். எதிரிலும் பின்னாலும் ஆள் இல்லை என்று பார்த்தே வீச வேண்டும்.

அணையானாலும் கண்மாயானாலும் மீன் உரிமை பெற்றவரின் அனுமதியின்றித் தூண்டில் போடக்கூடாது. மேகமலைப் பகுதி 2021 முதல் புலிகள் காப்பகத்தில் அடங்கியது. காட்டு ஓடைகளில் மீன் பிடிப்பது குற்றமாகும். விராலை உணவுக்காகவே வளர்க்கும் நீர்நிலையில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே வந்து வந்து போனால், அதன் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அவை எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும். பிடிப்பது எளிது; ஆனால் காவல் போன பிறகு குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

கண்மாய்ச் சேறு பட்ட ரீலைத் தண்ணீரில் முக்கிக் கழுவுவது தவறு. ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். நூல் பரப்பியின் திருகுத் தண்டில் படிந்த மண்ணைப் பழைய பல் துலக்கியால் நீக்கலாம். பேரிங்குக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டும், பல்சக்கரத்துக்கு மெல்லிய பூச்சாகக் கிரீசும் போதுமானது. ஒருவழிப் பேரிங்கில் கிரீஸ் படக்கூடாது. தேங்காய் எண்ணெய் விடுவது கூடவே கூடாது. மார்கழிக் குளிரில் அது உறைந்து பிசின் போல் பிடித்துக்கொள்ளும். பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது டிராக் திருகை முழுவதும் தளர்த்திவிட்டால், உள்ளிருக்கும் தகடுகள் அழுந்திப் போகாமல் இருக்கும்.