தொட்டியில் உறங்கும் காந்தள்

புனித சூசையப்பர் சுரூபத்தின் கையில் நாம் காணும் லீலியின் இனத்தில் பல, பனிநாடுகளில் குளிர்காலமெல்லாம் மண்ணுக்குள் கிழங்காய் உறங்கும். தொட்டிச் செடிகளை உறைபனிக்கு அஞ்சிக் கொட்டகைக்குள் வைப்பர். தாம்பரத்தில் உறைபனி ஏது? லீலிக்குத் தூரத்து உறவான நம் மாநில மலர் செங்காந்தள், கோடையில் உறங்குகிறது. அதற்குப் பகை குளிரன்று, ஈரமே. மழைக்காலத்தில் பூத்த கொடி தை, மாசியில் காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தித் தொட்டியைத் தாழ்வாரத்தில் வைக்க வேண்டும். இரக்கப்பட்டு அன்றாடம் ஊற்றும் நீரே கிழங்கை அழுகச் செய்யும். ஆடி பிறந்ததும் நீர் வார்த்தால் முளை எழும். கலப்பை போல் வளைந்திருப்பதால் இதற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். முளை அதன் நுனியிலிருப்பதால், தோண்டும்போது நுனி ஒடியலாகாது.

கிழங்கில் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. சர்க்கரைவள்ளி என்றெண்ணி உண்டு மாண்டவர்கள் உளர். ஆகவே சமையலறையில் உலர்த்தாமல், தம்பி தங்கையர் கைக்கு எட்டாத இடத்தில் பெயரெழுதி வைப்போம்.