தேவாங்கு வேகத்தில் ஒரு தாக்குதல்

எங்கள் ஊர் நிலக்கோட்டை. இங்குள்ள பூ மார்க்கெட்டில் மல்லி, கனகாம்பரம், சம்பங்கி என்ன விலைக்குப் போகிறது என்று காட்டும் சிறிய இணைய தளம் ஒன்றைப் பொழுதுபோக்காக நடத்தி வருகிறேன். ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தைய அதிகாலையில், தளம் திறக்கவில்லை என்று போன் மேல் போன். பறித்த பூவை வண்டியில் ஏற்றலாமா வேண்டாமா என்று விலைக்காகக் காத்திருந்த விவசாயிகள்.

சர்வரைப் பார்த்தேன். சிபியு சும்மா இருந்தது. மெமரி நிறைய மிச்சம். லாக் பைலில் புதிதாக ஒரு வரி கூட இல்லை. கூட்டம் தாங்காமல் தளம் படுத்திருந்தால் லாக் பைல் நிரம்பி வழிந்திருக்க வேண்டுமே! நெட்ஸ்டாட் கட்டளை கொடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து 150க்கும் மேற்பட்ட இணைப்புகள். என் சர்வர் ஒரே நேரத்தில் கவனிக்கக் கூடியதே 150 பேரைத்தான்.

மார்க்கெட்டையே எடுத்துக் கொள்வோம். பத்து கமிஷன் கடை, பத்து தராசு. பத்து பேர் வந்து ஆளுக்கொரு தராசு முன் நின்று "மல்லி..." என்று இழுக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து "ஒரு..." என்கிறார்கள். கடைக்காரர் முழுவதும் கேட்கக் காத்திருக்கிறார். சண்டை இல்லை, நெரிசல் இல்லை. வியாபாரம் மட்டும் நின்று விடுகிறது.

உங்கள் பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது சர்வருக்குச் சில வரிகளை அனுப்புகிறது. இவற்றை ஹெடர் என்பார்கள். இவை முடிந்தன என்பதற்கு அடையாளம், கடைசியில் வரும் ஒரு வெற்று வரி. தாக்குபவர் அந்த வெற்று வரியை அனுப்புவதே இல்லை. இணைப்பு அறுந்து விடாமல் இருக்க, அவ்வப்போது பயனற்ற ஒரு வரியை மட்டும் அனுப்புவார். கோரிக்கை முடிந்த பிறகுதான் அப்பாச்சி சர்வர் லாக் பைலில் எழுதும். முடியவே இல்லை என்றால் எதை எழுதும்? இதற்குப் பெரிய படை தேவையில்லை. ஒரு பழைய பி.சி. போதும்.

2009 ஜூனில் ராபர்ட் ஹான்சன் என்ற பாதுகாப்பு வல்லுநர் இதைச் செய்து காட்டும் ஸ்லோலாரிஸ் என்ற புரோகிராமை வெளியிட்டார். அந்த ஆண்டு ஈரானில் தேர்தல் முடிவை எதிர்த்தவர்கள் அரசுத் தளங்கள் மீது இதைப் பயன்படுத்தினார்கள். ஸ்லோ லாரிஸ் என்பது தேவாங்குக் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு. அதன் ஒல்லியான உறவினர் நம் திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் உள்ளது. அதற்காக 2022ல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பாவம், அது யார் தளத்தையும் முடக்கியதில்லை.

தடுப்பு வழி உண்டு. 2010ல் வந்த அப்பாச்சி 2.2.15 பதிப்பிலிருந்து ரெக்டைம்அவுட் என்ற மாட்யூல் கிடைக்கிறது. அதில் வழக்கமாகத் தரப்படும் அமைப்பின்படி, ஹெடர் வர 20 விநாடி கெடு. 500 பைட் வந்தால் ஒரு விநாடி கூடுதல். அதிகபட்சம் 40 விநாடி. அதற்குள் முடிக்காவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும்.

இந்த மாட்யூலை நீக்கியது நானேதான். சிக்னல் மோசமான கிராமங்களில் இருந்து பூ போட்டோ அனுப்புபவர்களுக்கு இணைப்பு பாதியில் அறுகிறது என்று புகார் வந்தது. அவசரத்தில் கெடுவையே எடுத்து விட்டேன். இப்போது ஹெடருக்குக் கெடு திரும்பி விட்டது. அப்பாச்சிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் சர்வரையும் நிறுத்தியுள்ளேன். ஒரே புராசஸில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்கும் இது, கோரிக்கையும் போட்டோவும் முழுமையாக வந்த பிறகே பின்னால் அனுப்புகிறது. மெதுவாக வருபவரும் தராசை மறிப்பதில்லை.

ஒரு முகவரிக்குப் பத்து இணைப்பு மட்டும் என்று கட்டுப்படுத்தலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். மொபைல் நிறுவனங்கள் பல பேரை ஒரே ஐ.பி. முகவரியில் வைத்திருப்பதால் அந்த எண்ணிக்கையைத் தாராளமாகவே வைத்தேன்.

வீட்டில் ஏதேனும் ஒரு தளம் திறக்கவில்லை என்றால் உடனே விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்யக் கிளம்பாதீர்கள். வேறு இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். அவை திறந்தால் உங்கள் மோடம் நன்றாகத்தான் இருக்கிறது. எப்5 கீயை விடாமல் தட்டுவதும் வேண்டாம். ஸ்லோலாரிஸை முயன்று பார்க்க ஆசைப்படுபவர்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் சர்வர் நிறுவி, அதன் மீதே செய்யுங்கள். அடுத்தவர் தளத்தில் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66ன் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.