கால்சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி

வயரிங் வேலை என் தொழில். வீடு கோலார் தங்கவயலில், வேலை பெரும்பாலும் பெங்களூரில். 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் வாழ்கிறோம். விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலைப் பிடிக்கிறோம், இருட்டிய பிறகு திரும்புகிறோம். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் போலவே ஒரு மடக்குக் கத்தியும் பல வருடங்களாக என்னோடு போய்வருகிறது.

புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள், "அண்ணா, எந்தக் கத்தி வாங்கலாம்?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது என் அப்பாவின் வேலையைப் பற்றித்தான். அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வெடி வைக்கும் குழுவில் இருந்தவர். வெடித் திரியைக் கத்தியால் குறுக்கே நேராக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் நுனி மடிந்துபோய்த் தீப்பொறி, வெடியைக் கிளப்பும் கேப்பின் மருந்தைச் சரியாகத் தொடாமல் போகலாம், அந்தக் குழி வெடிக்காமல் நின்றுவிடும். அப்படி நின்ற குழி அடுத்த ஷிஃப்டில் துளை போட வருபவரின் உயிருக்கே ஆபத்து. "கத்தி நம்ம கையில இருக்கும், ஆபத்து அடுத்தவனுக்கு இருக்கும்" என்பார் அப்பா. கத்தியைப் பற்றி நான் கற்றதெல்லாம் இந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான்.

எதை வாங்குவது

அன்றாட வேலைக்கு இரண்டரை, மூன்று அங்குல அலகு தாராளம். பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, வயர் சீவ, மாம்பழம் நறுக்க அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. 1891இல் சுவிட்சர்லாந்து ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்து வளர்ந்த விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் சிறிய கத்திகள் பலவற்றில் பூட்டே கிடையாது, வில்லின் இறுக்கம்தான் அலகைப் பிடித்து வைக்கிறது. பிரான்சின் ஓபினெல் கத்தியில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதைத் திருப்பினால் அலகு மடங்காது. 1955 முதல் அந்த வளையத்தோடு வருகிறது.

பூட்டில்லாத கத்தியால் குத்தவோ துளைக்கவோ கூடாது. முனை எதிலாவது மாட்டினால் அலகு விரல்மேல் மடங்கும். இழுத்து அறுப்பதற்கு மட்டும்தான் அது. பூட்டு உள்ளதை வாங்கினால், அலகைத் திறந்து, அலகின் முதுகைக் கட்டையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அசைந்து கொடுத்தால் அந்தப் பூட்டை நம்ப வேண்டாம். பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் கத்தி பக்கமே போக வேண்டாம். வேலைக்கு அது அவசியமில்லை. டெல்லியில் அந்த வகைக்கென்றே 1980இல் தனி அறிவிக்கை போட்டார்கள், இன்றுவரை வழக்குகள் வருகின்றன.

எங்கே வைப்பது

கத்திக்கு ஒரே இடம், எப்போதும் அதே இடம். என்னுடையது கால்சட்டையின் வலது முன்பையில், தனியாக. சாவி, சில்லறையோடு சேர்த்தால் அவற்றை எடுக்கும் அவசரத்தில் கத்தியும் வெளியே வந்து விழும். சட்டைப்பை கூடாது, குனிந்தால் நழுவும். பின்பையும் கூடாது, உட்கார்ந்தால் அழுத்தும். மடக்கிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். அலகு தானாக எட்டிப் பார்த்தால், ஆணியை இறுக்கும்வரை அதைப் பையில் போடாதீர்கள். வீடு திரும்பியதும் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு மற்ற வேலை பாருங்கள். கால்சட்டையோடு துணிக்கூடைக்குப் போகும் கத்தி, துவைப்பவர் கையைத்தான் முதலில் தேடும்.

திறப்பது, மடக்குவது, கொடுப்பது

நெரிசலில் திறக்கவே கூடாது. பங்காருப்பேட்டையைத் தாண்டினால் எங்கள் ரயிலில் நிற்கவே இடம் இருக்காது. யாராவது பழம் வெட்டக் கத்தி கேட்டால், "இறங்கினதும் தரேன்" என்பேன். ஓடும் வண்டியின் ஒரு குலுக்கல் போதும். திறக்குமுன் கையை நீட்டிச் சுற்றிப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் ஆள் இருந்தால் நகரச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் நகருங்கள்.

மடக்கும்போது விரல்கள் பிடியின் இரு பக்கத்திலும் இருக்கட்டும், அலகு வந்து விழும் பள்ளத்தின் குறுக்கே ஒரு விரலும் இருக்கக் கூடாது. அலகின் முதுகை மறு கையின் உள்ளங்கையால் தள்ளி மூடுங்கள். சினிமாவில் காட்டுவதுபோல் ஒற்றைக் கையால் சுழற்றி மூடும் பழக்கம் வேண்டாம். அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மடக்கியே கொடுங்கள். கீழே விழும் கத்தியைப் பிடிக்கப் பாயாதீர்கள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு விழ விடுங்கள், அலகு உடைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

வெட்டும் முறை

உடம்பிலிருந்து வெளிநோக்கி வெட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பொருளைப் பிடித்திருக்கும் இடது கை அலகின் பாதையில் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "இப்போ வழுக்கினா எங்கே போய் நிற்கும்?" என்று ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் விரல், தொடை, பக்கத்து ஆள் என்று வந்தால் பிடியை மாற்றுங்கள்.

வயரின் மேலுறையைச் சுற்றி நேராக அறுத்தால் உள்ளே செம்பில் தடம் விழும், பின்னால் அங்கேதான் ஒடியும், சூடேறும். பென்சில் சீவுவதுபோல் சாய்வாகச் சீவுங்கள். அதற்கு முன் மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிடுங்கள். சாதாரண மடக்குக் கத்தியின் பிடி மின்சாரத்தைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது. பெயின்ட் டப்பா நெம்புவது, ஸ்க்ரூ திருப்புவது இரண்டும் முனையை ஒடிக்கும் வேலைகள். வயர் சீவிய கத்தியால் பழம் வெட்டவும் வேண்டாம். சாப்பாட்டுக்கு இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூரும் சுத்தமும்

மொன்னைக் கத்திதான் அதிக காயம் செய்யும். வெட்டாததால் அழுத்துகிறோம், அழுத்துவதால் வழுக்குகிறது. தண்ணீரில் நனைத்த சாணைக்கல்லில் சுமார் 20 பாகைச் சாய்வில் இரு பக்கமும் சமமாகத் தேயுங்கள். கூர் பார்க்கப் பழைய செய்தித்தாள் போதும், கட்டைவிரல் வேண்டாம். சுழலும் சக்கரத்தில் மெல்லிய அலகைக் கொடுத்தால் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்து பதம் போய்விடும்.

எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. காற்று கிளம்பினால், சுரங்கக் கழிவு கொட்டிய சயனைட் மேடுகளின் நைஸான மணல் எல்லா இடத்திலும் புகும், கத்தியின் ஆணி இடுக்கிலும்தான். அப்படிச் சிக்கிய கத்தி முழுதாக மடங்காது, மடங்கியதுபோல் தெரியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் திறந்து மூடிக் கழுவி, நன்றாக உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்கும், மார்கழிக் காலையில் கத்தி இறுகிப்போகும்.

சட்டமும் சோதனை வாசலும்

ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணை, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நம் பையிலிருப்பது அந்த அளவில் பாதிகூட இல்லை. ஆனாலும் எங்கும் கொண்டுபோகலாம் என்று அர்த்தமில்லை. நீதிமன்றம், வாக்குச்சாவடி, மாநாடு, பள்ளிக்கூடம் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கலவரம், ஊர்வலம் சமயங்களில் தடை உத்தரவு போடுவார்கள். முன்பு 144 என்று சொன்னது 2024 ஜூலை 1 முதல் நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 163ஆவது பிரிவு. உத்தரவில் ஆயுதம் என்ற சொல் இருந்தால் கத்தி வெளியே வரக் கூடாது.

2023 மார்ச்சில் ஒயிட்ஃபீல்டு மெட்ரோ திறந்த பிறகு, எங்களில் நிறையப் பேர் ரயிலிலிருந்து இறங்கி நேரே அதில் ஏறுகிறார்கள். அங்கே பை ஸ்கேனரில் போகும், கத்தி தெரிந்தால் நிறுத்துவார்கள். மெட்ரோ பயணம் உள்ள நாட்களில் என் கத்தியை வேலையிடத்துப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுகிறேன். விமானத்தில் கைப்பையில் அனுமதி கிடையாது, செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். வெளிநாடு போனால் அந்த நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். பிரிட்டனில் 3 அங்குலம்வரை, பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு மட்டும்தான் காரணம் கேட்பதில்லை. விரலுக்குப் பாதுகாப்பான பூட்டு, அங்கே சட்டத்தின் முன் சிக்கலாகிறது.

போலீஸ்காரர் நிறுத்தினால் பைக்குள் கை விடாதீர்கள். "சார், வயரிங் வேலை, பையில சின்னக் கத்தி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் சொல்லும்வரை சும்மா நில்லுங்கள். டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் கூடவே இருப்பது நல்லது.

தற்காப்புக்கு என்று நினைக்கும் பையன்களுக்கு

தம்பிகளே, இதை மனதார வேண்டிக்கொள்கிறேன். சண்டைக்கு உதவும் என்று கத்தி எடுத்துப் போகாதீர்கள். பயத்தில் எடுத்த கத்தி வாய்ச்சண்டையைக் கொலை வழக்காக்கும். காட்டி மிரட்ட மட்டும்தானே என்றும் நினைக்காதீர்கள். கொள்ளையில் கத்தியைத் தெரியும்படி கையில் பிடித்து மிரட்டினாலே அது ஆயுதத்தைப் "பயன்படுத்தியது" ஆகும் என்று 1975இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. அலகு சின்னது என்ற வாதம் அங்கே எடுபடாது.

வெட்டுப் பட்டால்

ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் திறந்து பார்க்காதீர்கள். காப்பித்தூள், மஞ்சள், மண் எதுவும் வேண்டாம். ரத்தம் நிற்காவிட்டாலும், விரல் மடங்காவிட்டாலும், நுனி மரத்துப்போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம். அழுக்குக் காயம் என்றால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

வாங்குமுன் ஒரு வாரம் கவனியுங்கள், எத்தனை தடவை கத்தி தேவைப்பட்டது என்று. பார்சல் பிரிக்க மட்டும்தான் என்றால் சின்னக் கத்தரிக்கோல் போதும், மெட்ரோ வாசலிலும் பிரச்சினை குறைவு. உண்மையிலேயே தேவை என்றால், உங்கள் பக்கத்தில் நிற்பவர் பயமில்லாமல் நிற்கும்படி அதைக் கையாளக் கற்றுக்கொண்டு, பிறகு வாங்குங்கள்.