பைக்கைத் தூக்கி நிறுத்துங்கள்: கடலோர வீடுகளுக்குச் சில குறிப்புகள்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியில் போய், சாம்பல்தீவுப் பக்கம் கடலை நோக்கித் திரும்பினால் சல்லி வந்துவிடும். முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே காற்றிலேயே உப்பு ருசி. முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு அந்த உப்புத்தான் முதல் எதிரி. மேலே பெற்றோல் தாங்கியும் மட்காட்டும் பளபளவென்று இருக்கும். குனிந்து பார்த்தால் சுவிங் ஆம், டபுள் ஸ்டாண்டின் ஸ்பிரிங், சைலென்சரின் கீழ்ப்பக்கம் எல்லாம் துரு பொருக்கு விட்டிருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025இல் திறக்கும்வரை புதுப் பைக் என்ற பேச்சே இல்லை. இப்போதும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இருக்கிற சீ.டி.100ஐயும் பல்சரையும் காப்பாற்றிக்கொள்வதுதான் புத்தி. அதற்கு மாதம் ஒருமுறையாவது பைக்கைத் தூக்கி அடியைப் பார்க்க வேண்டும்.

1. எதை வாங்குவது? சேர்விஸ் நிலையங்களில் பைக்கை முழுதாக ஏற்றி இடுப்பளவுக்கு உயர்த்துகிறார்களே, அந்த மேசை லிஃப்ட் வீட்டுக்கு வேண்டாம். இடத்தையும் காசையும் தின்னும். பின் சில்லை மட்டும் தூக்கும் பாடொக் ஸ்டாண்ட் போதும். உங்கள் பைக்கில் டபுள் ஸ்டாண்ட் இருந்தால் பாதி லிஃப்ட் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதன் ஸ்பிரிங்கையும் பின்னையும் சரிபார்த்து கிறீஸ் போட்டுக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல் போல விரிந்து நடுவில் தூக்கும் லிஃப்டும் விற்கிறார்கள். முன் சில்லைக் கழற்ற அது உதவும், ஆனால் எல்லாப் பைக்குக்கும் பொருந்தாது. ஏன் என்பதை நான்காம் குறிப்பில் பாருங்கள்.

2. மணலில் தூக்காதீர்கள். சல்லியில் முற்றம் என்றாலே மணல்தான். ஸ்டாண்டின் ஒரு கால் அரை அங்குலம் புதைந்தாலே பைக் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கொட்டிலுக்குள் எட்டடிக்கு ஐந்தடி இடத்தில், ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு கல் என்ற கணக்கில் நாலு அங்குலத் தடிப்புக்குக் கொங்கிறீட் போடுங்கள். கடல் மணலை அள்ளிக் கலக்கும் வேலை வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் வழிந்தோடச் சரிவு வைப்பது நல்லதுதான், ஆனால் பைக் நிற்கும் இடத்தைச் சமமாக விட்டுவிட்டு ஓரத்தில் மட்டும் சரிவு வையுங்கள்.

3. பாரத்தைக் குறைத்துவிட்டுத் தூக்குங்கள். இந்த விஷயத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்கே ஒரு கதை உண்டு. 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி, ‘வேலியன்ட்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைத் தூக்கிக்கொண்டிருந்த மிதக்கும் கப்பல்தளம் முதுகு முறிந்து மூழ்கியது. தளத்தின் தொட்டிகளிலிருந்து தண்ணீரை இறைத்த வரிசை, கப்பலின் பாரம் பரவியிருந்த விதத்துக்கு ஒத்துவரவில்லை. போதாக்குறைக்குக் கப்பல் நிறைய வெடிமருந்து. கப்பல் மூழ்காமல் தப்பியது, ஆனால் உள்பக்கத்துப் புரொப்பெல்லர்கள் இரண்டும் சுக்கான் ஒன்றும் இறுகிப்போயின. போர்க்கப்பலைத் தூக்கியவர்களுக்கே இந்தக் கதி. பெற்றோலை அரைத் தாங்கிக்குக் கீழே வைத்துக்கொண்டு, பக்கப் பெட்டி, ஹெல்மெட், கரியரில் கட்டிய சாமான் எல்லாவற்றையும் இறக்குங்கள். சிறிய 100 சீ.சீ. பைக் ஏறத்தாழ 110 கிலோ, 150 சீ.சீ. பைக் 140 கிலோவைத் தாண்டும். வாங்கும் லிஃப்ட் அதைப்போல இரண்டு மடங்காவது தாங்க வேண்டும். ஒரு பக்கச் சில்லைக் கழற்றினால் பாரம் மறுபக்கம் போய்விடும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள்.

4. எங்கே முட்டுக் கொடுப்பது? சைலென்சர் குழாயில் கூடாது, ஒயில் வடிக்கும் போல்ட்டில் கூடாது, இன்ஜினின் மெல்லிய செதில்களில் கூடவே கூடாது. சிறிய பைக்குகள் பலவற்றில் இன்ஜினுக்குக் கீழே பிறேம் குழாய் ஓடுவதில்லை, இன்ஜின்தான் அடியில் தெரியும். அப்படிப்பட்ட பைக்குக்கு நடுவில் தூக்கும் லிஃப்டை வாங்கிவிட்டு வைக்க இடம் தேடாதீர்கள். பிறேம் குழாய் இருந்தால் அதற்கும் லிஃப்டுக்கும் நடுவில் பழைய டயர்த் துண்டு ஒன்றை வையுங்கள்; பெயின்ட் உரியாது, வழுக்காது. பெயின்ட் உரிந்த இடத்தில் உப்புக்காற்று என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

5. இறுகிய நட்டுகளை முதலில் தளர்த்துங்கள். அச்சு நட்டு, பற்சில்லு நட்டுகள் எல்லாவற்றையும் சில்லு நிலத்தில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு நீளமான ஸ்பானரைப் போட்டு இழுத்தால் நட்டு கழலாது, பைக்தான் ஸ்டாண்டிலிருந்து கழலும். கடலோரத்தில் அச்சு நட்டு துருவேறி இறுகியிருப்பது வழமை. முதல்நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிறேயோ, மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்ததோ ஊற்றி வையுங்கள்.

6. பாடொக் ஸ்டாண்டில் ஏற்றுவதற்கு, பழகும்வரை இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பைக்கை நேராகப் பிடிக்க, மற்றவர் இரண்டு தாங்கிகளும் சுவிங் ஆமில் ஒரே அளவாகப் படிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிடியைக் கீழே அழுத்த வேண்டும். திடீரென்று மிதிக்காமல் சீராக அழுத்துங்கள். பைக் ஏறும்போது முன் சில்லு சற்று உருள இடம் கேட்கும். ஆகவே ஏறி நின்ற பிறகுதான் முன் பிறேக்கைக் கட்ட வேண்டும். அதற்குப் பழைய ரியூப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய பட்டி போதும்; பிறேக் பிடியையும் ஹாண்டிலையும் சேர்த்து இறுக்கிச் சுற்றுங்கள். டபுள் ஸ்டாண்டில் நிறுத்தினாலும் இந்தப் பழக்கம் நல்லது.

7. ஜக்கை நம்பிப் படுக்காதீர்கள். ஒயில் அழுத்தத்தில் தூக்கும் லிஃப்ட் மெல்ல மெல்லக் கீழே இறங்கும் தன்மை உடையது. பூட்டுக் கம்பி இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் மரக்குற்றி வையுங்கள். பைக் சாயாமல் கயிற்றாலும் கட்டிவிடுங்கள். சல்லியில் நைலோன் கயிற்றுக்குப் பஞ்சமில்லை, முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுக்கவும் தேவையில்லை. ஆனால் நைலோன் பாரம் ஏறினால் இழுபடும், அதனால் கட்டிய சிறிது நேரத்தில் இன்னொரு முறை இறுக்குங்கள். ஹாண்டில் பிடியிலோ கண்ணாடியிலோ கட்டாமல், முன் போக் குழாய்கள் பிறேமைச் சேரும் கழுத்தில் கட்டுங்கள்.

8. செயின். மீன் வியாபாரம் செய்பவர்களின் பைக்கைக் கவனித்திருப்பீர்கள். பின்னால் றெஜிபோம் பெட்டி, அதற்குள் ஐஸும் மீனும். பெட்டியின் மூலையிலிருந்து உப்பும் மீன்கழுவலும் கலந்த ஐஸ் தண்ணீர் வீடுவரை சொட்டிக்கொண்டே வரும். சொட்டுவது செயினிலும் பின் அச்சிலும்தான். இரண்டு மழைக்காலத்தில் செயின் கண்ணிகள் விறைத்து, சில்லைச் சுற்றினால் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தொங்கியும் ஓடும். புது செயின் வாங்குவதற்கு முன் பெட்டிக்குக் கீழே பழைய ரப்பர் விரிப்பைக் கட்டி, தண்ணீர் பக்கவாட்டில் வடிய வழிசெய்யுங்கள். அதற்குப் பிறகுதான் சுத்தம் செய்வதில் பயன் உண்டு.

பைக்கைத் தூக்கி நியூட்ரலில் போடுங்கள். இன்ஜின் நிறுத்தியிருக்க வேண்டும், திறப்பு உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுச் செயினில் துணி பிடிப்பவர்களை இன்றும் காண்கிறோம். துணியைப் பற்சில்லு இழுத்துக்கொண்டால் கூடவே விரலும் போகும், கையை எடுக்க நேரம் கிடைக்காது. சில்லைக் கையால் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு தேயுங்கள். பெற்றோல் வேண்டாம்: தீப்பிடிக்கும், ரப்பர் வளையம் உள்ள செயினாக இருந்தால் வளையமும் கெடும். துடைத்துக் காயவிட்டு, 90ஆம் இலக்க கியர் ஒயிலைச் செயினின் உள்பக்கத்தில் துளித்துளியாக விடுங்கள். சுற்றும்போது ஒயில் தானாக வெளிப்பக்கம் வரும். மிச்சத்தைத் துடைக்காவிட்டால் மணல் ஒட்டிச் செயினை அரம்போல அராவும். தொய்வு பெரும்பாலான சிறிய பைக்குகளுக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர். உங்கள் பைக்கின் கைநூல் சொல்லும் அளவே இறுதி. செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் அளந்து பாருங்கள், சுவிங் ஆமின் இரு பக்கத்துக் கோடுகளும் ஒரே இலக்கத்தில் நிற்கட்டும்.

9. தூக்கிய கையோடு இவற்றையும் பாருங்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ‘டொக்’ என்றால் பெயாரிங் போய்விட்டது. கம்பிகளை ஸ்பானரால் தட்டிக்கொண்டு போனால் தளர்ந்த கம்பி மட்டும் மந்தமாகச் சத்தம் போடும். முன்பக்கத்தைத் தூக்கி ஹாண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் இருந்தால் கோன் செற் மாற்ற வேண்டியிருக்கும்.

10. கழுவுவதும் தூக்கிவைத்துத்தான். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் கடைசி வாளியாவது குழாய்த் தண்ணீராக இருக்கட்டும். அழுத்தத்தோடு அச்சுப் பக்கம் பீய்ச்சாதீர்கள், கிறீஸ் வெளியே போய் உப்பு உள்ளே போகும். காய்ந்த பிறகு சுவிங் ஆமின் அடி, ஸ்பிரிங், கம்பிகள் றிம்மில் பொருந்தும் துளைகள் ஆகியவற்றில் ஒயில் துணியால் ஒருமுறை தடவுங்கள். ஸ்டாண்டையும் மறக்காதீர்கள், அதுவும் இரும்புதான். பொலித்தீனால் மூடினால் ஈரம் உள்ளே தங்கித் துரு பிடிக்கும், சும்மா சுவரில் மாட்டுங்கள்.

11. கழிவு ஒயிலை மணலில் ஊற்றாதீர்கள். இங்கே கிணறுகள் ஆழமில்லை, மணல் எதையும் வடிகட்டாமல் கீழே விட்டுவிடும். போத்தலில் சேர்த்துக் கராஜில் கொடுங்கள்.

12. இறக்கும்போதுதான் அவசரப்படுகிறோம். ஒழுங்கு இதுதான்: கழற்றிய நட்டுகள் எல்லாம் போட்டாயிற்றா என்று பாருங்கள், முன் பிறேக்கில் சுற்றிய ரியூப் பட்டியை அவிழுங்கள், சைட் ஸ்டாண்டை முன்கூட்டியே வெளியே தட்டிவிடுங்கள், பிள்ளைகளைக் கொட்டிலுக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள், ஒரு கை பைக்கின் பின் பிடியில், மற்றக் கை ஸ்டாண்டின் பிடியில் இருக்க மெல்ல உயர்த்தி இறக்குங்கள். அச்சு நட்டைக் கடைசியாக இறுக்குவது சில்லு நிலத்தில் ஊன்றிய பிறகு. வீதியில் ஏறும் முன் முற்றத்திலேயே இரண்டு பிறேக்கையும் பிடித்துப் பாருங்கள், பின் பிறேக் மிதியை முதலில் இரண்டு மூன்று தரம் மிதிக்க வேண்டியிருக்கும்.