மாம்பழப் பானமும் 'ஒருவேளை' அளவும்

உறையிலோ பாட்டிலிலோ அடைத்து விற்கும் உணவின் லேபிளில் காணப்படும் 'பரிமாறும் அளவு', ஒருவர் ஒருவேளையில் வழக்கமாக உட்கொள்ளும் அளவாகவோ தயாரிப்பாளர் லேபிளிலேயே வரையறுத்துக்கொள்ளும் அளவாகவோ இருக்கலாம் என்று இந்திய விதிகள் இடம் தருகின்றன. அதை மருத்துவர் வகுத்த அளவாக எண்ணிக்கொள்வோர் சித்தூரிலும் திருப்பதியிலும் ஏராளம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறைகளின்படி, 100 கிராமில் அல்லது 100 மில்லியில் உள்ள சத்துகளும், ஒரு பரிமாறும் அளவு நாளொன்றின் தேவையில் எத்தனை சதவீதம் என்பதும் தரப்பட வேண்டும். நாளொன்றின் தேவை என்பது 2000 கிலோகலோரி, 67 கிராம் கொழுப்பு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம் என்ற பொதுக் கணக்கு.

மிகுந்த இழப்பைத் தரும் பிழை இந்தச் சதவீதத்தை நம்புவதே. 100 மில்லியில் 12 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை உள்ள மாம்பழப் பானத்துக்கு 200 மில்லியைப் பரிமாறும் அளவாகக் குறித்தால் லேபிளில் 48 சதவீதம் என்று வரும். நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கும் மூத்தவர், பாதிகூட ஆகவில்லையே என்று ஆறுதல் கொண்டு, 600 மில்லி பாட்டிலை மாலைக்குள் முடிப்பார். அவர் குடித்தது 72 கிராம், அதாவது 144 சதவீதம். மாங்கூழில் இயல்பாகவே உள்ள சர்க்கரை இந்தச் சதவீதத்தில் சேர்வதில்லை. இரத்தமோ அந்தப் பேதம் பார்ப்பதில்லை. நம் சித்தூர் மாவட்டத்துத் தோத்தாபுரி மாம்பழம் கூழாகி இப்பானங்களுக்குப் போவதால், நம் மண்ணின் பழம் என்ன செய்துவிடும் என்ற நினைப்பும் இங்கே உண்டு. ஆனால் பழப்பானத்தில் பழம் 10 சதவீதம் இருந்தாலே விதிக்குப் போதும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனை முடிவு வந்த பிறகு, லேபிளில் எழுதியிருப்பதைப் படிக்கக் கூடாதா என்று கேட்பவர்கள், ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டாலே சட்டம் நிறைவடைகிறது என்பதையும், தெலுங்கும் தமிழும் மட்டும் அறிந்த வீட்டுப் பெரியவர்கள் அதில் எதைப் படிப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் 2016இல் திருத்திய விதி, ஏறக்குறைய 590 மில்லி கொண்ட 20 அவுன்ஸ் குளிர்பானப் புட்டியை, மக்கள் அதை ஒரே அமர்வில் குடிக்கிறார்கள் என்பதால், ஒரே பரிமாறலாகக் கணக்கிடச் செய்தது. ஏறத்தாழ அதே கொள்ளளவை இங்கே மூன்று பரிமாறலாகப் பிரித்துக் காட்ட முடிகிறது.

ஆகவே சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, 100 மில்லிக்குரிய மொத்தச் சர்க்கரையை எடுத்துக்கொண்டு, உண்மையில் குடிக்கும் மில்லி அளவால் பெருக்கி 100ஆல் வகுப்பதே தக்க வழி. பிஸ்கட்டுக்கும் மிக்சருக்கும் நிகர எடையைக்கொண்டு இதே கணக்குதான். டம்ளரின் கொள்ளளவு தெரியாதென்றால் பேரக்குழந்தையின் பால்புட்டியில் மில்லிக் கோடுகள் உண்டு. அதில் தண்ணீரை அளந்து டம்ளரில் ஊற்றினால், 'அரை டம்ளர்தானே' என்று வற்புறுத்தும் உறவினர் தருவது எத்தனை மில்லி என்பது தெரிந்துவிடும். விருந்துக்கு நடுவே அளப்பதை அவர் அவமதிப்பாகக் கருதக்கூடும். அது பொருட்படுத்தத் தக்கதன்று.